கிளாவர் எட்டும் பதினோராம் விதியும்

வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் ஊர்ச் சங்கத்தின் சீட்டுப் போட்டி விதிகளில், எனக்காகவே எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு. பதினோராம் விதி. பத்தாவது தாமதமாக வருகிறவர்களைப் பற்றியது. பன்னிரண்டாவது மேசையில் வடை சாப்பிடக் கூடாது என்பது. இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன். பெயர் போடவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. அந்தச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே கையை என் பக்கம் நீட்டுவார்கள்.

நடந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. எந்த விஷயமானாலும் பதினைந்து வீடியோ பார்த்தால் நிபுணனாகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். (இப்போது முப்பது பார்க்க வேண்டும் என்று தெரியும்.)

நான் கொட்டாஞ்சேனைக்காரன். தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கிய குடும்பம். எங்கள் வீட்டில் சீட்டு என்றால் தீபாவளியன்று ரம்மி, அதோடு சீட்டுக்கட்டை அடுத்த தீபாவளிக்கு எடுத்து வைத்துவிடுவோம். நான் மணந்த தர்ஷினியின் வீட்டாரோ வெள்ளவத்தையில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே ஞாயிறு பின்னேரம் யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் சீட்டுக்கட்டு வரும். விளையாட்டின் பெயர் முன்னூற்று நாலு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். இந்த விளையாட்டில் ஜாக்தான் பெரியவர், அடுத்து ஒன்பதும் ஏஸும், ராஜாவும் ராணியும் கிட்டத்தட்ட எடுபிடிகள். முதல் நாலு தாளைப் பார்த்ததும் மொத்தம் முன்னூற்று நாலு புள்ளியில் இத்தனை எடுப்பேன் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு தாளைக் கவிழ்த்து வைப்பார். அதற்குத் துரும்பு என்று பெயர். அந்தத் தாள் எந்த இனமோ அந்த இனம் மற்ற எல்லாவற்றையும் வெட்டும். அது என்ன தாள் என்று வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும், எதிரே இருக்கும் கூட்டாளிக்குக்கூடத் தெரியாது. (இது பின்னால் தேவைப்படும். எனக்கு மிகவும் தேவைப்பட்டது.)

அந்த வீட்டில் பெரிய ஆட்டக்காரர் என் மாமியார், புனிதம் மாமி. தெஹிவளையில் ஒரு மருந்துக் கடையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டொக்டர்மாரின் கையெழுத்தையே வாசித்த கண்களுக்கு எதிராளியின் முகம் எம்மாத்திரம்? மூன்றாவது பிடி (நாலு பேரும் ஒவ்வொரு தாள் போட்டால் ஒரு பிடி) முடிவதற்குள் யார் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஊர்ச் சங்கம் வருடாவருடம் நடத்தும் போட்டியில் அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. அதில் ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்கு மண்டபத்தின் பின்பக்கம், அடுப்படி.

அந்த வருடக் கூட்டத்தில் மாமி எழும்பி நின்று சொன்னாராம்: "இருபது வருஷமா நாங்கள் உங்களுக்கு வடை சுட்டுத் தாறம். இந்த முறை எங்களுக்கும் ஒரு மேசை வேணும்."

சங்கத் தலைவர் ஒரு பழைய கணித ஆசிரியர். எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் சொல்வார்கள். நேரடியாக மறுக்கத் தெரியாத மனிதர், ஆகவே ஒரு நிபந்தனை போட்டார். பரீட்சார்த்தமாக இந்த ஒரு முறை பெண்கள் விளையாடலாம். பெண் இருக்கிற அணி ஒன்றாவது அரையிறுதிக்கு வந்தால் அடுத்த வருடத்திலிருந்து அது நிரந்தரம். வராவிட்டால் பழையபடி வடை. மூன்று பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஒருவரின் கணவர் முகத்தைத் தூக்கினார், இன்னொருவருக்குத் திடீரென்று கை நோவு வந்தது. மிஞ்சியது மாமி மட்டும்.

கூட்டாளி யார்? மாமா சங்கத்தின் செயலாளர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு டொக்டர் நண்பரோடு சேர்ந்து விளையாடுகிறவர். "அவர் அந்தாளை விடமாட்டார்" என்றார் மாமி. "நானெல்லாம் பிறகு வந்தனான்." தர்ஷினிக்குச் சீட்டென்றாலே கொட்டாவி. மாமியின் பார்வை மெல்லத் திரும்பி என்மேல் வந்து நின்றது.

"தம்பி, உங்களுக்குக் காட்ஸ் தெரியுமோ?"

"தெரியும் மாமி. போக்கர்ல நான் டோர்னமென்ட் எல்லாம் ஜெயிச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து தர்ஷினியின் குரல் வந்தது. "ஃபோனிலை அம்மா. ஃபோனிலை."

மூன்று கிழமை, தினமும் வேலை முடிந்து வந்ததும் மாமியோடு பயிற்சி. விதிகளைச் சரியாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் மாமிக்குத் தெரியாமல் எனக்கு இன்னொரு குருவும் இருந்தார். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், வீடியோவில் போக்கர் போட்டிகளைப் பற்றிப் பேசுகிறவர். போட்டி முழுக்க ஒரே மனநிலையில் விளையாடுகிறவன் தோற்பான், கட்டத்துக்குக் கட்டம் மனதையும் ஆட்டத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. அதை நான் என் வசதிக்கு வெட்டித் தைத்து, ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் ஆட்டம்: புலி. மிரட்டு. இரண்டாம் ஆட்டம்: ஆமை. அடங்கு. மூன்றாம் ஆட்டம்: கழுகு. எல்லோரும் பயப்படும் நேரம், பாய்ந்து தூக்கு.

கொப்பியில் எதிராளிகளைப் பற்றிய குறிப்புகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறவர்களை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதியவை. கூட்டாளியைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். அது கிடக்கட்டும், அதற்கு நேரம் வரும்.

தொப்பிக்காரர் கறுப்புக் கண்ணாடி போடுவார், கண்ணை எதிராளி வாசிக்காமல் இருக்க. எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. நுகேகொடையில் நடைபாதைக் கடையொன்றில் எடுத்தேன். "மல்லி, இதைப் போட்டால் சூரியனையே நேராகப் பார்க்கலாம்" என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னார் கடைக்காரர். (மல்லி என்றால் தம்பி.) போட்டுப் பார்த்தேன். சூரியன் இருக்கட்டும், கடைக்காரரையே காணவில்லை. இதுதான் நமக்கு ஏற்ற சாமான் என்று வாங்கிக்கொண்டேன்.

போட்டி நாள் காலை. வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியோரம் ஒரு மாடி மண்டபம். எட்டு மேசை, மேலே காற்றை விடச் சத்தத்தை அதிகம் தரும் மின்விசிறிகள், பின்பக்கமிருந்து உளுந்து வடை வாசனை. எங்கள் பிரிவில் மூன்று ஆட்டம், இரண்டை வென்றால் அரையிறுதி. மாமி கரும்பச்சைச் சேலை கட்டி, தலையை இறுக்கி வாரி, தேர்வு எழுத வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுப்படிக் கதவில் ஆறேழு பெண்கள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

"கண் நோவோ தம்பி?" என்றார் மாமி.

"இல்ல மாமி. உத்தி."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு, மருந்துக் கடையில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்த அனுபவத்தில், சீட்டுக்கட்டைக் கலைக்கத் தொடங்கினார்.

முதல் ஆட்டம், புலி. என் கையில் ஏழும் எட்டும் இரண்டு ராணியும். ஒரு புள்ளிக்கும் உதவாத குப்பை. நான் நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, "இருநூறு" என்றேன். போக்கரில் இப்படிச் செய்தால் எதிராளி நடுங்கித் தாளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார், குப்பையோடு நான் வெல்லலாம். எதிரணியின் இரண்டு பேரும் தாளைக் கீழே வைக்கவில்லை. ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, துரும்பை வையும்" என்றார்.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. மூன்று கிழமைப் பயிற்சியில் உறைத்திருக்க வேண்டியது. முன்னூற்று நாலில் யாரும் ஒதுங்க முடியாது. பயந்தாலும் எட்டுப் பிடியும் விளையாடித்தான் ஆக வேண்டும். அந்த மேசையில் என் மிரட்டலை நம்பிய ஒரே ஆள் மாமிதான். என் கையில் நெருப்பு இருக்கிறதென்று நினைத்து, தன்னிடமிருந்த நல்ல தாள்களையெல்லாம் எனக்கு வசதியாக இறக்கினார். அத்தனையும் எதிராளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் நான் இரண்டு முறை மிரட்டினேன். (புலி என்று எழுதியிருக்கிறதே.) முதல் ஆட்டத்தில் துடைத்தெறியப்பட்டோம்.

மாமி என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை "நீங்கள்" என்று மரியாதையாகக் கதைத்தவர் ஒரு படி இறங்கியிருந்தார்.

"நீர் என்ன செய்யிறீர் எண்டு உமக்கு விளங்குதோ?"

"அவங்களை ஏமாத்தப் பார்த்தேன் மாமி."

"ஏமாந்தது ஆர்?"

மாமியின் கண் சிவந்திருந்தது. அழுகையா கோபமா என்று கண்ணாடி வழியே தெரியவில்லை, ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. முழுநாளில் முதல் தடவையாக, இது என் போட்டி அல்ல என்று புரிந்தது.

"இஞ்சை பாரும். இது ஒராள் விளையாடுற விளையாட்டில்லை. உம்மடை கையிலை ஒண்டும் இல்லையெண்டால் பேசாம இரும். கொஞ்சம் இருந்து, கேக்கப் பயமெண்டால் பாட்னர் எண்டு சொல்லும். நான் கேப்பன். நான் வீட்டுக்குத் தோத்துப் போகமாட்டன், விளங்குதோ? அங்க பாரும்." அடுப்படிக் கதவைக் காட்டினார். கரண்டிகள் இன்னும் அங்கேயே நின்றன.

'பாட்னர்' என்பது இந்த விளையாட்டில் அனுமதிக்கப்பட்ட சொல். நீங்களே கேட்காமல், எனக்குப் பதிலாக நீ கேள் என்று கூட்டாளியிடம் ஒப்படைப்பது. மூன்று கிழமையில் நான் அதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தொப்பிக்காரருக்குக் கூட்டாளியே கிடையாது, அவரிடம் எப்படி அதைக் கற்றிருப்பேன்?

இரண்டாம் ஆட்டத்தில் ஆமையானேன். கொப்பியில் இருந்ததற்காக அல்ல, பயத்தில். பாட்னர், பாட்னர், பாட்னர். நான் சொல்லச் சொல்ல மாமி கேட்டார், கேட்டதை எடுத்தார். காலை வெயில் காலி வீதிப் பக்க ஜன்னலால் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தாள்கள் எனக்கு ஓரளவுக்குத் தெரிந்தன. வென்றோம். அடுப்படிப் பக்கம் ஒரு பாத்திரம் தட்டும் சத்தம் கேட்டது. மாமா தூரத்து மேசையிலிருந்து ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, செயலாளர் என்பது நினைவுக்கு வந்து, முகத்தை நேராக்கிக்கொண்டார்.

மூன்றாம் ஆட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எதிரணி வேறு யாருமில்லை, நிபந்தனை போட்ட மாஸ்ரரும் அவருடைய தம்பியும். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மண்டபத்து ட்யூப் லைட்டுகளில் பாதி எரியவில்லை, மீதி கண் சிமிட்டின. ஆட்டம் இழுபறி. கடைசிக் கை யார் பக்கம் சாய்கிறதோ அவர்கள் அரையிறுதிக்கு.

நாலு தாள் வந்தது. விரித்துப் பார்த்தேன். ஸ்பேட் ஜாக், ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் ஏஸ், ஸ்பேட் எட்டு. நாலும் ஸ்பேட்! என் நெஞ்சு அடித்த அடி மாஸ்ரருக்குக் கேட்டிருக்கும்.

மாஸ்ரரின் தம்பி எதுவும் கேட்கவில்லை. மாமி அமைதியாக, "நூற்றுத் தொண்ணூறு" என்றார். மாஸ்ரர் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்தது நான். கூட்டாளி நல்ல கையோடு கேட்டுவிட்டார், புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். காலையில் படிக்கட்டில் வாங்கிய பாடத்தின் சூடுகூட ஆறவில்லை. ஆனால் கொப்பி என்ன சொன்னது? மூன்றாம் ஆட்டம், கழுகு.

"இருநூறு" என்றேன்.

மாமியின் கையிலிருந்த விசிறி நின்றது. சொந்தக் கூட்டாளிக்கு மேலேயே ஏறிக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு சொல் சொல்ல முடியாது, முகத்தைக் கூடச் சுளிக்க முடியாது, விதி அப்படி. நான் ஸ்பேட் எட்டைப் பெருமையோடு கவிழ்த்துத் துரும்பாக வைத்தேன். மிச்ச நாலு தாளும் வந்தன. மாஸ்ரரின் தம்பி ஹாட்ஸ் ஏஸை இறக்கினார். என் கையில் ஹாட்ஸ் இல்லை. வெட்டலாம்! துரும்புத் தாளைக் கவிழ்த்தபடியே எடுத்துப் போட்டு, பிடி நிறைந்ததும், கழுகு இறங்குவதுபோல (என் மனதில்) சுழற்றித் திருப்பினேன்.

"கிளாவர் துரும்பு" என்றார் மாஸ்ரர், கணக்கு வைத்துக்கொள்கிற குரலில்.

என்ன கிளாவர்? ஸ்பேட் என்று திருத்த வாயெடுத்தவன், கண்ணாடியை மூக்குக்குக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தேன். மூன்று இலையோடு, எந்தச் சந்தேகமும் இல்லாமல், கிளாவர் எட்டு. அந்த வெளிச்சத்தில், அந்தக் கண்ணாடியில், இரண்டும் ஒரே கறுப்புப் பொட்டுத்தான். என் கையில் இருந்த ஒரேயொரு கிளாவரைத் துரும்பாக வைத்து, இருநூறு கேட்டிருக்கிறேன். ஏசி இல்லாத மண்டபத்தில் எனக்குக் குளிர்ந்தது.

இனி நடந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. நான் என்ன போட்டேன் என்றுகூட நினைவில்லை. மாமியின் கையில்தான் கிளாவர் ஜாக், கிளாவர் ஒன்பது, கிளாவர் ஏஸ். அதை வைத்துத்தான் அவர் நூற்றுத் தொண்ணூறு கேட்டிருந்தார். கிளாவர் துரும்பு என்றதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் விசிறியைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொன்றாக இறக்கி, எதிராளிகளிடமிருந்த கிளாவரையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். என் ஸ்பேட் ஜாக்கும் ஒன்பதும் ஏஸும் பின்னால் நிம்மதியாக நடந்து வந்தன. இருநூறைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம்.

அடுப்படிக் கதவில் எழுந்த சத்தம் அடங்குவதற்குள் மாஸ்ரர் எழும்பினார்.

"நில்லுங்கோ. இது அலாப்பல்."

யாழ்ப்பாணத்தில் விளையாட்டில் கள்ளம் செய்வதற்கு அந்தப் பெயர். சீட்டு மேசையில் அதைவிட மோசமான சொல் இல்லை. மண்டபம் அடங்கியது. மாஸ்ரர் விழுந்த தாள்களைப் பிரித்து அடுக்கி, கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர்போல விளக்கினார்.

"இந்தப் பிள்ளையின்ரை கையிலை ஸ்பேட் ஜாக், ஒன்பது, ஏஸ். கிளாவர் ஒண்டே ஒண்டு, எட்டு. உலகத்திலை ஆராவது ஸ்பேட்டை விட்டிட்டுத் தனி எட்டைத் துரும்பா வைப்பினமோ? எதிரை ஜாக்கும் ஒன்பதும் இருக்கெண்டு தெரிஞ்சவன் மட்டும்தான் வைப்பான். கூட்டாளி சிக்னல் குடுத்திருக்கிறா. கறுப்புக் கண்ணாடி ஏனெண்டு இப்பதான் விளங்குது."

தர்க்கத்தில் ஓர் ஓட்டை கிடையாது. நான் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முட்டாள்தனம் என்ற சாத்தியத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அவர் பார்த்ததில்லை.

மாமியைப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. இருபது வருடம் காத்திருந்து, முதல் நாளே கள்ளி என்று பெயர். இன்றைக்கு மட்டுமல்ல, இனி எந்தப் பெண் மேசைக்கு வந்தாலும் இந்தக் கதையைத்தான் சொல்லுவார்கள். "நான் ஒண்டும் செய்யேல்லை" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

விசாரிக்க வேண்டியவர் செயலாளர். அதாவது மாமா. புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். மனைவி என்பதால் ஒதுங்குவார் என்று சிலர் நினைத்தார்கள். மாமா ஒதுங்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். "குற்றம் எண்டால் சான்று வேணும். குற்றமில்லை எண்டாலும் சான்று வேணும். ஆர் கதைக்கப் போறியள்?"

நான் எழும்பினேன். அன்று முழுக்க நான் எடுத்த முடிவுகளில் சரியானது இது ஒன்றுதான், இதிலிருந்து இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். "மாமி எந்த சிக்னலும் தரல. எனக்கு ஸ்பேட்டும் கிளாவரும் தெரியல. இதைப் போட்டா ஒண்ணுமே தெரியாது. நான் நாலும் ஸ்பேட்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். மாஸ்ரர் சிரிக்கவில்லை. "சட்டைப் பையிலை என்ன? அங்கையும் என்னவோ எழுதிக்கிடக்கு."

கொப்பி! மாமா கையை நீட்டினார். கொடுக்காவிட்டால் அதுவே சான்று. கொடுத்தேன். மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிற அதே குரலில், ஒரு ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினார்.

"முதல் ஆட்டம், புலி. மிரட்டு. இரண்டாம் ஆட்டம், ஆமை. அடங்கு. மூன்றாம் ஆட்டம், கழுகு. பாய்ந்து தூக்கு."

மண்டபம் குலுங்கியது. மாமா காத்திருந்து, பக்கத்தைத் திருப்பினார்.

"மாஸ்ரர். நல்ல தாள் வந்தால் காதைச் சொறிவார். கெட்ட தாள் வந்தாலும் சொறிவார். கவனிக்க." மாஸ்ரரின் கை காதுப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. "மாமா. தோற்றால் டொக்டரைக் குறை சொல்வார்." இதையும் மாமா அதே குரலில் வாசித்தார். தூரத்திலிருந்து டொக்டர் பலமாகத் தலையாட்டினார். "கூட்டாளி, மாமி. பலவீனம்: அதிகம் யோசிக்கிறார்."

அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னைக் கொண்டுபோயிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். மாமியின் பக்கம் பார்க்கவே இல்லை.

"சிக்னல் ஒண்டும் இதிலை இல்லை" என்று மாமா கொப்பியை மூடினார். "இனிக் கண்ணாடி." சீட்டுக்கட்டிலிருந்து பத்துக் கறுப்புத் தாளை எடுத்து, என்னைக் கண்ணாடி போடச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். நான் நேர்மையாகத்தான் சொன்னேன். ஸ்பேட். கிளாவர். ஸ்பேட். ஸ்பேட். ஒவ்வொரு பதிலுக்கும் அடுப்படிப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. பத்தில் ஏழு பிழை.

"கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அஞ்சு சரி வரவேணும்" என்றார் மாஸ்ரர். "ஏழு பிழை விடுறதெண்டால் வேணுமெண்டு விடுறார். ஏற்கமாட்டன்."

மாமா ஒரு கணம் யோசித்தார். பிறகு என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, மாஸ்ரரிடம் நீட்டினார். "அப்ப தலைவர் போட்டுப் பாருங்கோவன்."

மாஸ்ரர் போட்டார். மாமா கட்டிலிருந்து வேறொரு தாளை எடுத்துத் தூக்கினார். மாஸ்ரர் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், காதைச் சொறிந்தார்.

"கிளாவர்" என்றார் உறுதியாக.

அது டைமண்ட்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அந்த மண்டபத்தில் யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. டொக்டர் மேசையில் தலையை வைத்துவிட்டார். கரண்டிப் பெண்கள் கதவை விட்டு நடு மண்டபத்துக்கே வந்துவிட்டார்கள். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி, டைமண்டைப் பார்த்து, என்னைப் பார்த்தார். அவரும் மனிதர்தான், வாய் ஒரு பக்கம் கோணி, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "புனிதமக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் எல்லோருக்கும் கேட்க. "நீங்கள் அரையிறுதிக்கு. உங்களுக்கு எதிரணி நாங்களில்லை எண்டு இப்பதான் தெரியுது. எதிரணி உங்கடை கூட்டாளி."

அரையிறுதியில் மாமாவும் டொக்டரும் எங்களை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். நான் கண்ணாடி இல்லாமல் எல்லாத் தாளையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டே தோற்றேன். மாமிக்கு அதில் கவலையே இல்லை. மாலை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கையை நீட்டினார்.

"அந்தக் கொப்பியைத் தாரும்."

கொடுத்தேன். புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். "அதிகம் யோசிக்கிறா எண்டு எழுதினது சரி. பலம் எண்டு ஒண்டும் எழுதேல்லையே?"

"இனி எழுதுறேன் மாமி."

"வேண்டாம்." கொப்பியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார். "எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டீர். என்ரை பிள்ளையள்கூட அப்பிடிச் செய்திருக்குமோ தெரியாது." அவ்வளவுதான். பேருந்து வந்துவிட்டது, இருக்கையைப் பிடிக்க முந்திக்கொண்டு ஏறினார்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் நிறைவேறியது. பெண்கள் விளையாடுவது நிரந்தரம். அத்தோடு பதினோராம் விதி: மண்டபத்துக்குள் கறுப்புக் கண்ணாடி அணியலாகாது. இரண்டையும் முன்மொழிந்தவர் மாஸ்ரர். இன்றைக்குப் பாதி மேசைகளில் பெண்கள் இருக்கிறார்கள். வடைக்கு ஆள் போதாமல், உள்ளே கரண்டி பிடிக்கிற ஆண்களில் நானும் ஒருவன். மாமி அடுத்த வருடமே என்னைக் கூட்டாளி வேலையிலிருந்து மரியாதையாக நீக்கிவிட்டார். டொக்டரின் மனைவியோடு சேர்ந்து இரண்டு முறை கோப்பை எடுத்தும் விட்டார்.

ஆனால் என்னை முழுக்க விட்டுவிடவில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் தாள் பிரிப்பதற்கு முன் மாமா மேடையில் ஏறி, கிளாவர் எட்டைத் தூக்கிக் காட்டுவார். அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். மாவுக் கையோடு வந்து நிற்பேன். "இது என்ன தாள்?" என்று மாமா நீதிமன்றக் குரலில் கேட்பார். நான் உரக்க "ஸ்பேட்!" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் போட்டி தொடங்கும்.

போன முறையும் அப்படித்தான். மாமா தூக்கிக் காட்டினார், நான் "ஸ்பேட்!" என்றேன், மண்டபம் கை தட்டத் தயாரானது. மாமியின் மடியில் உட்கார்ந்திருந்த என் மகள், வயது ஐந்து, எழும்பி நின்று கத்தினாள்.

"இல்லை அப்பா, அது கிளாவர்!"

மாமி அவளை இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பிறகு டொக்டரின் மனைவியைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ" என்றார். "எனக்கு நல்ல பாட்னர் ஒராள் கிடைச்சிட்டா."